ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரலை

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடை பாய் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது: "கறுப்பும் கறுப்பும் ஒட்டி உட்காரணும் தம்பி. மத்ததெல்லாம் அப்புறம் கத்துக்கலாம்." அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வெளியூர்க்காரர்கள் ரிச்சி ஸ்ட்ரீட் என்பார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அங்கே மாடிப்படிக்குக் கீழேகூட ஒரு மேஜை போட்டு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்துகொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து, அதாவது கேபினட்டுக்குள் மின்சாரம் தரும் டப்பாவிலிருந்து, மதர்போர்டுக்கு வருவது இரண்டு கனெக்டர்கள். பி8, பி9 என்று பெயர். ஒவ்வொன்றிலும் ஆறு வயர். அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருக்கும்; இடம் மாற்றிச் செருகினாலும் உள்ளே போய்விடும். போனால் போர்டு காலி. அதனால்தான் அந்த விதி: இரண்டின் கறுப்பு வயர்களும் நடுவில் அடுத்தடுத்து வர வேண்டும். ப்ராசசருக்கென்று தனி வயர் எதுவும் கிடையாது. 486 ப்ராசசர் 5 வோல்ட்டில் ஓடியது. போர்டில் இருந்த மற்ற சிப்புகளுக்கும் அதே 5 வோல்ட், ஹார்டு டிஸ்க்கின் சர்க்யூட்டுக்கும் அதே சிவப்பு வயர்தான். மொத்தமே சில வாட் மின்சாரம். எஸ்.எம்.பி.எஸ் என்ன தருகிறதோ அதை அப்படியே வாங்கிக்கொள்ளும் காலம் அது.

அது சீக்கிரமே முடிந்துவிட்டது. பென்டியம் 75 வந்தபோது 3.3 வோல்ட். பென்டியம் எம்எம்எக்ஸின் உட்கருவுக்கு 2.8. ஏஎம்டியின் கே6-2 வந்தபோது 2.2. எஸ்.எம்.பி.எஸ் இதில் எதையும் தராது. ஆகவே 5 வோல்ட்டை வாங்கி இறக்கிக் கொடுக்கும் வேலையை மதர்போர்டே செய்ய ஆரம்பித்தது. சாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஹீட்சிங்க் மாட்டிய ரெகுலேட்டர் தெரியும். எந்த வோல்ட் என்று சொல்வது நாம், ஜம்பர் போட்டு. போர்டோடு வரும் சின்னப் புத்தகத்தில் ஜம்பர் படம் இருக்கும். அது தொலைந்துவிடும் என்பதால் ஜெராக்ஸ் எடுத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தோம். எம்எம்எக்ஸுக்கு 3.3-இல் ஜம்பர் போட்டால் உடனே செத்துவிடாது என்பதுதான் அதில் இருந்த வம்பு. கொதித்துக்கொண்டே மாதக்கணக்கில் ஓடும். நடுவில் நடுவில் ஹேங் ஆகும். வாடிக்கையாளர் விண்டோஸைத் திட்டுவார்.

பென்டியம் 2-இல் ப்ராசசரே தனக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்று சில பின்கள் மூலம் போர்டுக்குச் சொல்லிவிட்டது. ஜம்பர் போயிற்று. அதே சமயத்தில்தான் ஏடிஎக்ஸ் கேபினட்டுகளும் எங்கள் தெருவுக்குள் பரவலாக வந்தன. இன்டெல் அதை 1995-லேயே அறிவித்துவிட்டது என்றாலும் எங்கள் மார்க்கெட் பழைய சரக்கைத் தீர்க்காமல் புதியதைத் தொடாது.

ஏடிஎக்ஸ் செய்த பெரிய உபகாரத்தை இன்றைய பையன்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அதற்கு முன்பு கேபினட்டின் முகப்பில் இருந்த ஸ்விட்ச்சுக்கு 230 வோல்ட் நேராக வந்தது. நான்கு வயர், ஸ்லீவ் விலகியிருந்தால் கை உதறும். புதிய 20 பின் கனெக்டர் ஒரே பக்கமாகத்தான் உள்ளே போகும், கறுப்பையும் கறுப்பையும் தேட வேண்டியதில்லை. பச்சை வயரைக் கறுப்போடு ஒரு துண்டு வயரால் இணைத்தால் எஸ்.எம்.பி.எஸ் தனியாகவே ஓடும், சோதிக்கலாம். ஆனால் ஊதா வயரில் 5 வோல்ட் எப்போதும் நின்றுகொண்டிருக்கும். "ஆஃப் பண்ணிட்டேன்ணே" என்று சொல்லிக்கொண்டே ராம் பிடுங்கி, போர்டைச் சாகடித்தவர்கள் அந்த ஆண்டுகளில் நிறைய. சுவர் பிளக்கை உருவாமல் அது ஆஃப் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2000 நவம்பரில் பென்டியம் 4 வெளியானது. சென்னையில் சாதாரண வாடிக்கையாளர் வாங்கும் விலைக்கு அது இறங்கியது மறு வருடக் கடைசியில், 845 சிப்செட் போர்டுகள் வந்த பிறகு. அந்த போர்டுகளில் ப்ராசசர் சாக்கெட்டின் ஓரத்தில் புதிதாக ஒரு சதுரக் குழி இருந்தது. நான்கு பின். இரண்டு மஞ்சள், இரண்டு கறுப்பு. 12 வோல்ட்.

முதலில் யாருக்கும் அது எதற்கென்று புரியவில்லை. 20 பின் கனெக்டரிலேயே ஒரு மஞ்சள் வயர் இருக்கிறதே, இன்னும் எதற்கு? கணக்குப் போட்டால் தெரியும். 1.5 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-க்கு சுமார் 58 வாட் வேண்டும். அது ஓடுவதோ 1.7 வோல்ட்டில். அப்படியென்றால் ப்ராசசருக்குள் போகும் கரண்ட் 34 ஆம்பியர். ஒரு வீட்டு மெயினில் போடும் ஃப்யூஸின் அளவு! இதைப் பழைய வழக்கப்படி 5 வோல்ட் சிவப்பு வயரிலிருந்து எடுத்தால் வயரில் 12 ஆம்பியர் ஓட வேண்டும். 12 வோல்ட்டிலிருந்து எடுத்தால் 5 ஆம்பியர் போதும். வயரும் பின்னும் சூடாவது கரண்டின் இருமடிக்கு ஏற்ப என்பதால் சூடு ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது. மின்வாரியம் 110, 230 கிலோவோல்ட் கோபுரங்களில் மின்சாரத்தைக் கொண்டுவந்து தெருமுனை டிரான்ஸ்பார்மரில் இறக்குவதும் இதே காரணத்துக்குத்தான். ப்ராசசரைச் சுற்றி நிற்கும் காயில்களும் மாஸ்ஃபெட்டுகளும் கெப்பாசிட்டர்களும்தான் அந்தத் தெருமுனை டிரான்ஸ்பார்மர்.

இந்தச் சதுரக் கனெக்டரை மாட்டாமல் பவர் பட்டனை அழுத்தினால் என்ன ஆகும்? ஒன்றும் வெடிக்காது. ஃபேன் சுற்றும், ஹார்டு டிஸ்க் சுற்றும், முகப்பு விளக்கு எரியும். திரை மட்டும் இருட்டு. பீப்கூட வராது, ஏனென்றால் பீப் அடிக்கச் சொல்வதே ப்ராசசர்தான். பார்க்கிறவனுக்கு எல்லாம் உயிரோடு இருப்பது போலத் தெரியும். "ஃபேன் சுத்துது சார், டிஸ்ப்ளே வரலை" என்ற வாக்கியம் எங்கள் கடைகளின் போனில் அப்போது ஒலிக்க ஆரம்பித்தது. இன்றுவரை நிற்கவில்லை.

அதற்கு எங்கள் தொழிலில் ஒரு ரெடிமேட் பதில் உண்டு: "போர்டு போச்சு சார்." இந்த மூன்று சொல்லால் விற்ற மதர்போர்டுகளுக்குக் கணக்கே இல்லை. சொல்பவன் எப்போதும் ஏமாற்றுக்காரன் என்று சொல்ல மாட்டேன். பாதிப் பேர் உண்மையாகவே அப்படித்தான் நம்பினார்கள். 4 பின் வயர் கேபினட்டுக்குள் மடிந்து டேக் கட்டிக் கிடக்கும்; ஹீட்சிங்க்கின் நிழலில் குழி தெரியாது. புரசைவாக்கத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் போர்டு மாற்ற விலை பேசி முன்பணமும் வாங்கியிருந்தார்கள். எனக்கு முன்னால் வந்தவர் ராம் சோதிக்கக் கழற்றிய எல்லாவற்றையும் மாட்டிவிட்டு இதை மட்டும் விட்டுப் போயிருந்தார். டப்பென்று கிளிப் விழும் சத்தம் வரை அழுத்தினேன். விண்டோஸ் வந்தது. ஆடிட்டர் என்னைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை, "அப்போ அவரு எதுக்குங்க பணம் வாங்கினாரு?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார்.

போர்டும் ப்ராசசரும் மாற்றுபவர்கள் கேபினட்டை மாற்ற விரும்பவில்லை. பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸில் சதுரக் கனெக்டர் இல்லை. உடனே எங்கள் தெருவில் கன்வெர்ட்டர் வயர் வந்துவிட்டது: ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் கனெக்டரை ஒரு முனையில் செருகினால் மறுமுனையில் 4 பின். ஆரம்பத்தில் வந்த ப்ராசசர்களுக்கு அது தாங்கியது. 2004-இல் பிரஸ்காட் என்ற புதிய பென்டியம் 4 வந்ததும் தாங்கவில்லை. 90 வாட்டை நெருங்கும் ப்ராசசர். ரெகுலேட்டரில் ஏற்படும் நஷ்டத்தையும் சேர்த்தால் 12 வோல்ட்டில் 9 ஆம்பியர். முறையான கனெக்டரில் அது இரண்டு மஞ்சள் வயராகப் பிரியும். கன்வெர்ட்டரிலோ ஹார்டு டிஸ்க் கனெக்டரின் ஒற்றை மஞ்சள் பின் வழியாகத்தான் எல்லாம் வர வேண்டும், அதுவும் தலைமுடி மாதிரி வயரில். மே மாத மதியத்தில் ஏசி இல்லாத ப்ரவுசிங் சென்டர்களில் அந்த வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகி, பிறகு கறுப்பாகி உருகும். வாசனையே சொல்லிவிடும், மூடியைத் திறக்க வேண்டியதில்லை.

ஏஎம்டி பக்கம் வேறு கதை. அத்லான் போர்டுகள் பலவும் ரொம்ப நாள் 5 வோல்ட்டிலிருந்தே ப்ராசசருக்கு மின்சாரம் எடுத்தன. அங்கே 4 பின் குழியே இருக்காது. ஆகவே உருகுவது 20 பின் கனெக்டரின் சிவப்பு வயர் இடங்கள். இதனால் ஒரு குழப்பம். அத்லானுக்கு 5 வோல்ட் பலமுள்ள எஸ்.எம்.பி.எஸ் வேண்டும், பென்டியம் 4-க்கு 12 வோல்ட் பலமுள்ளது வேண்டும். கடையில் இருப்பதோ "450 வாட்" என்று ஒட்டிய ஒரே டப்பா.

அந்த ஸ்டிக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. கேபினட்டோடு இலவசம் போல வரும் எஸ்.எம்.பி.எஸ்ஸின் மேல் எழுதியிருக்கும் வாட்டை நான் ஒருநாளும் படித்ததில்லை. அதன் கீழே சின்ன எழுத்தில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருப்பதைத்தான் படிப்பேன். 450 வாட் என்று எழுதியதில் அங்கே 14, 15 ஆம்பியர் இருக்கும். அப்புறம் கையில் தூக்கிப் பார்ப்பேன். டிரான்ஸ்பார்மரும் காயிலும் ஹீட்சிங்க்கும் ஒழுங்காக இருந்தால் கனக்கும். கனமே இல்லாததை மேஜையில் திருப்பி வைத்துவிடுவேன். மீட்டரில் பார்த்தால் எல்லாமே 12 வோல்ட் காட்டும், சும்மா இருக்கும்போது. ப்ராசசருக்கு வேலை கொடுத்துவிட்டு மஞ்சள் வயரில் மீட்டர் வைக்க வேண்டும். 11.4-க்குக் கீழே இறங்கினால் அது லாயக்கில்லை. 5 சதவீதம்தான் அனுமதி.

இதே வருடங்களில் கெப்பாசிட்டர் வியாதியும் வந்தது. உலகம் முழுக்க வந்ததுதான். தரமற்ற எலெக்ட்ரோலைட் போட்ட கெப்பாசிட்டர்கள் சாக்கெட்டைச் சுற்றி வரிசையாக உச்சி உப்பி, சிலது பழுப்பாகக் கக்கி நிற்கும். காலையில் பல முறை அழுத்தினால்தான் ஆன் ஆகும், சூடான பிறகு நாள் முழுக்க ஓடும். அப்படி ஒருவர் சொன்னால் போனிலேயே நோயைச் சொல்லிவிடலாம். 6.3 வோல்ட், 1500 அல்லது 3300 மைக்ரோஃபாரட். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பாக்கெட் வாங்கி மாற்றிவிடலாம்தான், ஆனால் அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. ரேடியோவுக்குப் போடும் சாதாரண கெப்பாசிட்டரை இங்கே போட்டால் சில மாதத்தில் அதுவும் உப்பும். இந்த இடத்துக்கு உள்தடை குறைந்த, 105 டிகிரி என்று எழுதிய வகை வேண்டும். பிறகு வந்த போர்டுகளில் தலையில் வெட்டு இல்லாத சாலிட் கெப்பாசிட்டர்கள் வந்தன. அந்த வேலை எங்களுக்குக் குறைந்தது. எனக்கு வருமானத்தில் கொஞ்சம் நஷ்டம். இருந்தாலும் நல்ல மாற்றம்.

2008-க்குப் பிறகு சில வருடங்கள் தமிழ்நாட்டில் கரண்ட் போன நேரம் தெரியும்தானே. அப்போது சென்னையை விட்டுத் திருச்சியில் சொந்தமாக சர்வீஸ் ஆரம்பித்திருந்தேன். எல்லோரும் யுபிஎஸ் வாங்கினார்கள். வாங்கியும், கரண்ட் போன நொடியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது என்று புகார். யுபிஎஸ் கடைக்காரர் பேட்டரியை மாற்றச் சொல்வார். பேட்டரி நன்றாகவே இருக்கும். மெயினிலிருந்து பேட்டரிக்கு மாற யுபிஎஸ்ஸின் ரிலே சில மில்லி விநாடிகள் எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளியை எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் தாங்க வேண்டும். சுமார் 16 மில்லி விநாடி தாங்க வேண்டும் என்பது விதி. காசை மிச்சம் பிடிக்கப் பாதி அளவு கெப்பாசிட்டர் போட்டிருந்தால் தாங்காது. டாலி போட்டுக்கொண்டிருக்கும்போது தப்பித்துவிடும். பிள்ளைகள் கேம் ஆடி ப்ராசசர் முழு வேகத்தில் ஓடும்போது விழுந்துவிடும். யுபிஎஸ்ஸைத் தொடாமல் எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றினால் சரியாகிவிடும். இதை நம்பவைக்கத்தான் நேரம் பிடிக்கும்.

சதுரக் குழி பிறகு நீண்டு 8 பின் ஆனது. நான்கு மஞ்சள், நான்கு கறுப்பு. சர்வர்களில் இருந்த வழக்கம் டெஸ்க்டாப்புக்கு இறங்கியது. பழைய எஸ்.எம்.பி.எஸ் வைத்திருப்பவர்களுக்காக எட்டில் நான்கு குழிகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி போர்டுகள் வந்தன. "சார் பாதி மூடியிருக்கு, செகண்ட் ஹேண்டா?" என்று கேட்டவர்கள் உண்டு. கோர் 2 டுயோ மாதிரி 65 வாட் ப்ராசசருக்கு அந்தப் பாதி தாராளம். இன்றைக்கும் சாதாரண ஆபீஸ் மெஷினில் 8 பின் குழியில் 4 பின் மட்டும் மாட்டி ஓடினால் நான் பதறுவதில்லை. பெரிய ப்ராசசர் போட்டவர் அப்படி ஓட்டினால்தான் கையைப் பிடிப்பேன்.

அப்புறம் கேபினட் தலைகீழானது. எஸ்.எம்.பி.எஸ் மேலிருந்து கீழே இறங்கிவிட்டது. ப்ராசசர் கனெக்டரோ போர்டின் மேல் மூலையிலேயே நிற்கிறது. பழைய வயர் எட்டவில்லை. முதுகுப்புறமாகச் சுற்றி வரவேண்டிய வயரை நேராக இழுத்து, கிராஃபிக்ஸ் கார்டின் மேலே பந்தல் கயிறு மாதிரி கட்டியிருப்பார்கள். இழுவையில் கிளிப் முழுசாகப் பூட்டாது, பின் பாதி ஒட்டும். பாதி ஒட்டிய பின்தான் முதலில் கருகும். எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கினால் 18 கேஜ் வயர் என்று பார்த்து வாங்கச் சொல்வேன். நிறைய விற்பது அதைவிட மெல்லிசு.

யூட்யூப் பார்த்துத் தானே அசெம்பிள் செய்யும் தலைமுறை வந்தபோது ஒரு புதிய விபத்து ஆரம்பித்தது. கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும் வயரும் 8 பின், ப்ராசசருக்குப் போவதும் 8 பின். பார்வைக்கு அண்ணன் தம்பி. உள்ளே ஒன்றில் மஞ்சள் இருக்கும் வரிசையில் மற்றதில் கறுப்பு. பின்களின் மூலை வடிவம் வேறு வேறாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் நைலான் இளகுவது. பலமாக அழுத்தினால் போய்விடும். கல்லூரிப் பையன் ஒருவன் அப்படி மாட்டிவிட்டு, "ஆன் ஆகவே மாட்டேங்குதுண்ணா" என்று தூக்கிக்கொண்டு வந்தான். நல்ல எஸ்.எம்.பி.எஸ், ஷார்ட் என்று உணர்ந்து ஓட மறுத்துவிட்டது. போர்டு பிழைத்தது. பிரிந்து இருக்கும் விதத்தைப் பார் என்று அவனுக்குக் காட்டினேன்: நாலும் நாலுமாகப் பிரிந்தால் ப்ராசசருக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிந்தால் கிராஃபிக்ஸுக்கு.

இதைவிட மோசம் எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் வயர்கள். போர்டுப் பக்கம் எல்லா கம்பெனிக்கும் ஒரே அமைப்பு, எஸ்.எம்.பி.எஸ் பக்கம் எந்தப் பின்னில் என்ன வரும் என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களிலேயே மாறும். பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸின் வயர்களை அப்படியே விட்டுப் புதியதை மட்டும் மாட்டுவது சுலபமாகத் தெரியும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 12 போய் ஹார்டு டிஸ்க் போனால், அதில் இருந்த கல்யாண போட்டோக்களுக்கு யார் பதில் சொல்வது? என் கடையில் மாடுலர் வயர்ப் பை ஒவ்வொன்றின் மேலும் மாடல் பெயர் மார்க்கரில் எழுதியிருக்கும். பெயர் இல்லாத வயர் குப்பைக்குத்தான்.

2013-இல் ஹாஸ்வெல் ப்ராசசர்கள் வந்தபோது எதிர்த்திசையில் ஒரு வேடிக்கை. தூங்கும்போது அவை 12 வோல்ட்டில் வெறும் 0.05 ஆம்பியர் வரை இறங்கிவிடும். இவ்வளவு குறைந்த சுமையைப் பழைய எஸ்.எம்.பி.எஸ்கள் சில சுமையாகவே மதிக்காமல் அணைந்துவிடும். பயாஸில் அந்த ஆழ்ந்த தூக்கத்தை நிறுத்திவைத்தால் தீர்ந்தது.

இப்போது பெரிய போர்டுகளில் ப்ராசசருக்கு இரண்டு 8 பின் குழிகள். "சார், என் எஸ்.எம்.பி.எஸ்ஸில் ஒண்ணுதான் இருக்கு, போர்டு எரிஞ்சிடுமா?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார். எரியாது. 13900கே மாதிரி 253 வாட் வரை இழுக்கும் ப்ராசசருக்கே முறையான ஒரு 8 பின் வயர் கணக்குப்படி போதும். நான்கு மஞ்சள் வயரில் பிரித்தால் ஒன்றுக்கு 6 ஆம்பியரை ஒட்டி வருகிறது. இரண்டாவது, ஓவர்க்ளாக் செய்பவர்களுக்கும் மனநிம்மதிக்கும். எஸ்.எம்.பி.எஸ்ஸில் இருந்தால் மாட்டிவிடுவேன். இல்லையென்றால் ஹார்டு டிஸ்க் கனெக்டரிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் வயரை வாங்க விடமாட்டேன். இருபது வருடத்துக்கு முன்பு ப்ரவுசிங் சென்டரில் உருகிய அதே சாமான், நீளமாகத் திரும்பி வந்திருக்கிறது.

ஆபீஸ்களுக்குப் போகும் பிராண்டட் மெஷின்கள் பலவற்றில் இப்போது பழைய 20 பின்னின் வாரிசான 24 பின் கனெக்டரே இல்லை. எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து வருவது 12 வோல்ட் மட்டும், 5-ம் 3.3-ம் போர்டிலேயே இறக்கிக்கொள்கிறார்கள். இன்டெல்லும் 2020 வாக்கில் 10 பின் கனெக்டரோடு இதை ஒரு பொது அமைப்பாக வெளியிட்டது. ஆனால் பிராண்டுக்கு ஒரு கனெக்டர் என்ற நிலை இன்னும் மாறவில்லை. வாரண்டி முடிந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், சாதாரண எஸ்.எம்.பி.எஸ் போட்டுத் தரச் சொல்லி. அதற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கன்வெர்ட்டர் வயர் கிடைக்கிறது. வாங்குமுன் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்த போர்டு ஆஃபில் இருக்கும்போது கேட்பது 5 வோல்ட்டா, 12 வோல்ட்டா? 12 என்றால் ஊதா வயரின் 5-ஐ ஏற்றித் தரும் குட்டி சர்க்யூட் வயரோடு இருக்க வேண்டும். சுருக்கக் குழாய்க்குள் ஒரு புடைப்பு தடவினாலே தெரியும். அது இல்லாத வயரை மாட்டினால் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் ஃபேன்கூடச் சுற்றாது. வாடிக்கையாளரிடம் யாராவது போர்டு போச்சு என்று சொல்லியிருப்பார்கள்.